ஐந்தாவது குமிழும் ஏழாவது குமிழும்

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் இருவரும் இங்கே இருக்கிறோம். சுகமாக என்று சேர்த்து எழுதத்தான் பேனா போனது, ஆனால் உங்களுக்கு எழுதுகிற முதல் கடிதத்திலேயே பொய் எதற்கு என்று நிறுத்திக்கொண்டேன். உங்கள் அத்தைக்கு முழங்கால் வலி வழக்கம்போல. எனக்கு மனசு சரியில்லை, அதுவும் ஏறக்குறைய வழக்கம்போலத்தான், ஆனால் இந்தத் தடவை அதற்குத் தகுந்த காரணம் இருக்கிறது.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய பெடல் பத்திரமாக வந்து சேர்ந்து பல வாரங்கள் ஆகின்றன. மாமனாருக்குச் சட்டைத் துணி வாங்கித் தருகிற மாப்பிள்ளைகள் உண்டு, கைக்கடிகாரம் வாங்கித் தருகிறவர்களும் உண்டு. எலெக்ட்ரிக் கிட்டாருக்கு ஃபில்டர் பெடல் வாங்கித் தருகிற மாப்பிள்ளை இந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான். மருந்துக் கடையில் வரிசையில் நிற்கும்போதுகூட முன்னால் நிற்பவரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இனி எழுதப்போவதை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனால் நான் பஸ் டிப்போவில் இருந்த காலம் முழுவதும் புகார்ப் பிரிவில் உட்கார்ந்தவன். புகார் என்றால் எழுத்தில் இருக்க வேண்டும், நடந்தது நடந்தபடி இருக்க வேண்டும், கோபம் கடைசிப் பத்தியில்தான் வர வேண்டும் என்று பஸ்ஸில் குடையைத் தொலைத்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன். எனக்கு மட்டும் தனிச் சட்டம் கிடையாது. புகார் உங்கள் மேல் இல்லை மாப்பிள்ளை, பெடல் மேல்.

என் நிலைமை உங்களுக்கு அரைகுறையாகத் தெரியும், முழுவதும் சொல்லிவிடுகிறேன். எங்கள் இசைக்குழுவில் நாலு பேர். கீபோர்டு வாசிக்கிற மாஸ்டர், டிரம்ஸ் வாசிக்கிற பல் டாக்டர், பாடுகிற பேங்க் கேஷியரம்மா, அப்புறம் நான். சனிக்கிழமை சாயங்காலங்களில் ஒரு ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் வாசிக்கிறோம். மற்றபடி யாராவது வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் கூப்பிடுவார்கள். அழுகிறவர்களுக்கும் அவர் போனால் போதும் என்று இருக்கிறவர்களுக்கும் ஒரே நேரத்தில் பிடிக்கிற மாதிரி வாசிக்க வேண்டும், அது எங்களுக்குக் கைவந்த கலை. ஹோட்டல் மேனேஜருக்கோ நாலு பேர் அதிகமாகப் படுகிறது. நான் நிற்கிற இடத்தில் இன்னொரு மேஜை போடலாம் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், அல்லது அவரே கண்டுபிடித்திருக்கிறார். மாஸ்டரின் கீபோர்டில் கிட்டார் படம் போட்ட ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் கிட்டார் சத்தம் வருகிறது, எனக்கு வருவதைவிடச் சுத்தமாக. ஒரு நாள் மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, தப்பா நினைக்காதீங்க, உங்க கிட்டார்ல வர்ற சத்தம் எல்லாம் இந்தப் பட்டன்லயே வருது, பட்டன்ல வராத சத்தமா ஏதாவது நீங்க கொண்டுவந்தாத்தான் நான் மேனேஜர்கிட்ட வாயத் திறக்க முடியும்" என்றார். டிப்போவிலிருந்து என்னை மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். இந்தச் சனிக்கிழமையும் போய்விட்டால் எனக்கு வாரத்தில் எல்லாக் கிழமையும் ஒன்றுதான். நீங்கள் போன தடவை வந்திருந்தபோது சாப்பிடுகிற இடத்தில் இதைச் சும்மா சொல்லி வைத்தேன். நீங்களும் மனசில் வைத்திருந்து பெடலை அனுப்பினீர்கள். இதுவரை யார் மேலும் குற்றம் இல்லை.

பெட்டியைப் பிரித்த அன்று உங்கள் அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு, பிரஷர் பாக்கவா?" என்று கேட்டாள். பார்க்க அப்படித்தான் இருந்தது. ஒரு செங்கல் அளவுப் பெட்டி, மேலே வரிசையாக எட்டுக் குமிழ்கள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு. கிட்டாரின் ஒயர் ஒரு பக்கம் நுழைகிறது, மறுபக்கம் வெளியே வந்து ஸ்பீக்கருக்குப் போகிறது. நடுவில் எட்டுச் சல்லடைகள். ஒரு சல்லடை கிட்டார் சத்தத்தில் தடித்ததை மட்டும் விடும், இன்னொன்று நடுத்தரமானதை, இன்னொன்று ஊசி மாதிரி மெல்லியதை. விளக்கு ஒன்றிலிருந்து எட்டு வரை ஓடி மறுபடி ஒன்றுக்கு வரும், எந்த விளக்கு எரிகிறதோ அந்தச் சல்லடை வழியாக மட்டும் அந்த நொடிக்குச் சத்தம் வரும். குமிழைத் திருப்பினால் அந்தச் சல்லடையின் சத்தம் கூடும், குறையும். நான் தந்திகளைச் சேர்த்து அழுத்தி ஒரே ஒரு கார்டைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றால் போதும், பெட்டி அதை எட்டாக நறுக்கி, வவ் வோ வா வே என்று தானாகப் பேச ஆரம்பித்துவிடும். இவ்வளவு காலம் விரலை ஒடித்துக்கொண்டு நான் வாசித்ததைவிட, சும்மா நின்றபோது வந்தது நன்றாக இருந்தது. இதில் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாமல் அன்று முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

இப்போது குறைக்கு வருகிறேன். ஐந்தாவது குமிழும் ஏழாவது குமிழும் வேலை செய்யவில்லை. கூட வந்த காகிதத்தைப் பார்த்தால், இருப்பதிலேயே கூர்மையான இரண்டு சல்லடைகளையும் அந்த இரண்டு இடத்தில்தான் வைத்திருக்கிறார்களாம். விளக்கு எரிகிறது, சத்தம் மட்டும் இல்லை. வவ் வோ வா வே, ஒன்றுமில்லை, வோ, ஒன்றுமில்லை, வவ். முதலில் கொஞ்சமாகத் திருப்பினேன், பிறகு பாதி, பிறகு முழுசாகத் திருப்பிவிட்டேன். ஊஹூம். புதுச் சாமான், ஓடி ஓடிச் சூடானால் சரியாகும் என்று இரண்டையும் முழுசாகத் திருப்பிய நிலையிலேயே விட்டு தினமும் பகலில் பயிற்சி செய்தேன். நாளாக ஆக அந்த இரண்டு வெற்றிடமும் எனக்குப் பிடித்துப்போய்விட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பேசிக்கொண்டே இருக்கிறவர் நடுவில் மூச்சு வாங்குகிற மாதிரி, அந்த இடத்தில் நானும் மூச்சு வாங்கிக்கொள்வேன். அந்தச் சமயத்தில்தான் உங்கள் அத்தை காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நடமாட ஆரம்பித்தாள். ஜலதோஷம் என்று நினைத்து ஆவி பிடிக்கச் சொன்னேன். மாடியில் குடியிருக்கும் வக்கீலின் நாயும் ஊளையிட ஆரம்பித்தது. சாதாரண ஊளை இல்லை, தாளம் தவறாமல், ஐந்தாவது விளக்குக்கு ஒன்று, ஏழாவது விளக்குக்கு ஒன்று. வக்கீல் இறங்கி வந்து, "சார், அது இப்பல்லாம் சாப்பிடவே மாட்டேங்குது" என்றார். நாய்க்கு வியாதி என்றால் நாய் டாக்டரிடம் போக வேண்டும், என்னிடம் வந்து என்ன பிரயோஜனம்? இப்படித்தான் மாப்பிள்ளை, டிப்போவிலும் பஸ் வரவில்லை என்றால் மழை பெய்ததற்கும் சேர்த்து எங்கள் மேல்தான் எழுதுவார்கள்.

ஒத்திகை பல் டாக்டரின் கிளினிக்கில்தான் நடக்கும். பின்னறையில் பழைய நோயாளி நாற்காலி ஒன்று கிடக்கிறது, கேஷியரம்மா அதில் சாய்ந்துகொண்டுதான் பாடுவார். பெடலைக் கீழே வைத்து, ஒயரை எல்லாம் மாட்டி, மாப்பிள்ளை அனுப்பியது என்று ஒரு சின்ன முன்னுரை கொடுத்துவிட்டுத் தொடங்கினேன். முதல் தகராறு வேகத்தில் வந்தது. அந்தப் பெட்டியில் கால் பட்டன் ஒன்று உண்டு, அதை இரண்டு தட்டுத் தட்டினால் அந்த வேகத்துக்கு விளக்கு ஓடும். எனக்கோ வாசிக்கும்போது காலால் தாளம் போடுகிற பழக்கம், அதுவும் தாளத்துக்கு ஒன்றோடு நிற்காது, உற்சாகம் வந்தால் நடுநடுவேயும் போடுவேன். கால் சரியாக அந்தப் பட்டன் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. நான் போட்ட ஒவ்வொரு தட்டுக்கும் பெட்டி ஒரு புது வேகம் எடுத்தது. சோகப் பாட்டு, பிரிவைப் பற்றியது, அது திடீரென்று பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி ஓடியது. கேஷியரம்மா பின்னாலேயே ஓடி, நாலாவது வரியில் மூச்சுத் திணறி நிறுத்திவிட்டார். டாக்டர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, நான் மனுஷங்ககூட வாசிப்பேன், டப்பாகூட எல்லாம் என்னால வாசிக்க முடியாது" என்றார். அவர் வேகத்துக்கு இதுவரை நாங்கள்தான் ஓடியிருக்கிறோம், அதை நான் சொல்லிக்காட்டவில்லை.

காலை நகர்த்தி வைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தேன். இரண்டு சுற்றுக்கூட முடியவில்லை, கேஷியரம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நாற்காலியில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "சார், அந்த அஞ்சாவது சத்தம், தாங்க முடியல சார், காதுல கம்பி விட்டு இழுக்குற மாதிரி இருக்கு."

"அஞ்சாவதுலதான் சத்தமே இல்லையேம்மா."

"இல்லையா?"

"அஞ்சும் ஏழும் ரிப்பேர். அங்க ஒண்ணுமே வராது."

அவர் டாக்டரைப் பார்த்தார், டாக்டர் மாஸ்டரைப் பார்த்தார், மாஸ்டர் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தார். யாரும் ஒன்றும் பேசவில்லை. அல்லது பேசினார்கள், ஆனால் இப்போதெல்லாம் எல்லோருக்குமே வாய்க்குள் பேசுகிற பழக்கம் வந்துவிட்டது, கேட்பவர் மேல் ஒரு மரியாதை கிடையாது. எனக்கு உடனே விஷயம் விளங்கிவிட்டது. பெடல் நன்றாக இருந்தால் நான் குழுவில் இருப்பேன், அது இவர்களில் யாருக்கோ பிடிக்கவில்லை. அதனால் இல்லாத சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறார்கள். புகார்ப் பிரிவில் இருந்தவனுக்கு இந்த நாடகமெல்லாம் பழசு.

ஆனாலும் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்று டிவி மெக்கானிக்கிடம் பெடலை எடுத்துப் போனேன். திறந்து பார்த்தார், எதையோ வைத்து அளந்தார், கடைசியில் என் கிட்டாரையே மாட்டி என்னை வாசிக்கச் சொன்னார். ஐந்தாவது விளக்கில் அவர் முகம் எலுமிச்சம்பழத்தைக் கடித்த மாதிரி ஆனது. "சார், எட்டும் நல்லா வேலை செய்யுது" என்றார். எனக்கு அஞ்சும் ஏழும் வரவில்லையே என்றேன். அவர் பெட்டியை மூடித் திருகுகளை முடுக்கினார். பிறகு கடையில் வேறு யாரும் இல்லாதபோதும் பக்கத்தில் வந்து, "வீட்டுல யாரையாவது ஒரு தடவை கேக்கச் சொல்லுங்க சார்" என்றார். ரிப்பேர் தெரியவில்லை என்று ஒத்துக்கொள்ள யாருக்குத்தான் மனசு வரும்? கூலி வேண்டாம் என்று வேறு சொல்லிவிட்டார். அதிலிருந்தே அவருக்கு வேலை தெரியாது என்று முடிவு செய்தேன்.

போன சனிக்கிழமை நடந்ததை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஹோட்டல் நிரம்பி வழிந்தது. மாஸ்டர் வேண்டாம் வேண்டாம் என்று சைகை காட்டினார், நான் கவனிக்காத மாதிரி பெடலை மாட்டினேன். எனக்கு அது கடைசிச் சந்தர்ப்பம், மேனேஜர் கதவோரம் நின்று கையைக் கட்டிக்கொண்டு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன் மாப்பிள்ளை. நன்றாக வாசித்தேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கண்ணைத் திறந்தபோது கூடத்தில் பாதிப் பேர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். கைகள் தலைக்குப் பக்கத்தில் இருந்தன. எங்களுக்காக யாரும் இதுவரை எழுந்து நின்றதில்லை. ஸ்பீக்கரை இன்னும் கொஞ்சம் கூட்டினேன். அப்போதுதான் மேனேஜர் அவசர வழிக் கதவைத் திறந்துவிடுவதையும், ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாகத் தெருவுக்கு இறங்குவதையும் பார்த்தேன். தீ எச்சரிக்கை மணி அடிக்கிறது என்று நினைத்தார்களாம். சமையலறையிலிருந்து ஒருவர் தீயணைக்கிற சிலிண்டரோடு ஓடிவந்து, அணைப்பதற்கு ஒன்றும் இல்லாமல் என் முன்னால் வந்து நின்றார். மாஸ்டர் குனிந்து என் ஒயரைப் பிடுங்கினார். பிறகு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தக் கிட்டார் படம் போட்ட பட்டனை அழுத்திவிட்டுப் பாட்டை முடித்துவைத்தார். திரும்பும் வழியில் என் முகத்துக்கு நேராக நின்று, ஒவ்வொரு வார்த்தையாக, "அண்ணே, வர்ற சனிக்கிழமை நீங்க வீட்டுல ரெஸ்ட் எடுங்க" என்றார். ரெஸ்ட் என்ற சொல்லை டிப்போவிலும் இப்படித்தான் சொன்னார்கள்.

ஆகவே மாப்பிள்ளை, இதுதான் கடைசிப் பத்தி, கோபம் இங்கேதான் வர வேண்டும், ஆனால் வரவில்லை, களைப்புதான் வருகிறது. பெடலை இத்துடன் தனிப் பார்சலில் அனுப்புகிறேன். தயவுசெய்து வாங்கிய கடையில் கொடுத்து, ஐந்தாவதும் ஏழாவதும் பிறவியிலேயே ஊமை என்று அவர்களிடம் ஒரு வரி எழுதி வாங்குங்கள், கடையின் முத்திரையோடு இருந்தால் நல்லது. அதை மாஸ்டர் மூஞ்சிக்கு முன்னால் நீட்டினால் போதும், என் இடம் எனக்குத் திரும்பக் கிடைக்கும். வேறு எந்த உதவியும் உங்களிடம் கேட்டதில்லை, இனியும் கேட்க மாட்டேன்.

உங்கள் வேலையில் மேன்மேலும் உயர்வு வரட்டும். வீட்டில் சிரிப்புச் சத்தம் நிறையட்டும். என் மகள் சின்ன விஷயத்துக்கும் மனசு உடைகிறவள், கொஞ்சம் அனுசரித்துப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அத்தையும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள்.

என்றும் உங்கள் நலம் நாடும்
மாமனார்

பின்குறிப்பு: மேற்படி புகாரை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பார்சல் வராது. வேறு கடிதம் எழுதத் தெம்பில்லை, அதனால் இதன் கீழேயே எழுதுகிறேன்.

உறையை ஒட்டுவதற்கு முன்னால், கடைக்காரர் சாட்சி கேட்டால் என்ன செய்வது என்று யோசித்து, உங்கள் அத்தையைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தேன். சத்தம் வரும்போதெல்லாம் விரலைத் தூக்கச் சொல்லிவிட்டு வாசித்தேன். எட்டுக்கும் தூக்கினாள். "நீ விளக்கைப் பாத்துட்டுத் தூக்குற, சுவத்துப் பக்கம் திரும்பி உக்காரு" என்றேன். திரும்பி உட்கார்ந்தாள். அவள் கண்ணுக்கு முன்னால் சுண்ணாம்புச் சுவர் தவிர ஒன்றும் இல்லை. ஐந்தாவது விளக்கு எரிந்தது, விரல் எழுந்தது. ஆறுக்கு எழுந்தது. ஏழுக்கும் எழுந்தது. நிறுத்தாமல் பல சுற்று வாசித்தேன், ஒரு தடவையாவது தவறமாட்டாளா என்று. தவறவில்லை. எனக்கு ஒன்றும் கேட்காத இடத்தில் அவள் விரலோடு தோளும் சேர்ந்து தூக்கிப்போட்டது.

வாசிப்பதை நிறுத்தினேன். சுவரைப் பார்த்தபடியே அவள் என்னவோ பேசினாள், கழுத்து அசைந்ததிலிருந்து தெரிந்தது. என்ன சொன்னே என்று கேட்டேன். என் பக்கம் திரும்பி, "டாக்டர்கிட்ட காதைக் காட்டலாம்னு போன வருஷத்துல இருந்து சொல்லிட்டிருக்கேன்" என்றாள். எனக்கு ஒரு தடவைகூட அது வந்து சேர்ந்ததில்லை. சமைத்துக்கொண்டே சொல்லியிருப்பாள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. முகம் பார்த்துப் பேசினால் எல்லாம் விளங்குகிறது மாப்பிள்ளை, அதனால்தான் எனக்கு எதுவும் தெரியாமல் போயிருக்கிறது. மேஜை போட வேண்டிய இடத்தில் அவர்கள் மேஜையைப் போட்டுக்கொள்ளட்டும். மாஸ்டரிடம் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் போனில் முகம் கிடையாது. நீங்கள் பெடல் அனுப்பிய பிறகு ஒரு நாள் என் மகள் போன் செய்தாள். மெல்லிய குரலில் ரொம்ப நேரம் என்னவோ சொன்னாள். மறுபடி சொல் என்று கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, நல்ல சேதியாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்து, "ரொம்ப சந்தோஷம்மா, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றேன். அதோடு அவள் போனை வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் அம்மாவிடம் மட்டும்தான் பேசுகிறாள். இன்றைக்கு உங்கள் அத்தையைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. நிமிர்ந்து சொல் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

என் மகள் அன்றைக்கு என்ன சொன்னாள் மாப்பிள்ளை? எழுதி அனுப்புங்கள்.